18 சரிதான்

பழைய அமெரிக்கச் செய்தித்தாள்களைக் கணினியில் ஏற்றித் தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் பிழை திருத்தினேன். ஸ்கேன் செய்த பக்கம் திரையில் இடது பக்கம், மென்பொருள் படித்துக் கொடுத்தது வலது பக்கம். இரண்டையும் ஒத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒருநாள் நைட் ஷிஃப்டில் 1911 நவம்பர் மாதத்து விளையாட்டுப் பக்கம் வந்தது. கார்லைல் இந்தியப் பள்ளி (அமெரிக்கப் பூர்வகுடிகளை அப்போது இந்தியர் என்பார்கள்) 18, ஹார்வர்ட் 15. நம் ஊர் ஃபுட்பால் இல்லை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். அதன் புள்ளிக் கணக்கு எனக்கு ஓரளவு பழகியிருந்தது. காலில் கட்டோடு ஆடிய கார்லைல் வீரர் ஜிம் தார்ப் நான்கு ஃபீல்ட் கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி, அடித்திருக்கிறார். நாலு மூணு பன்னிரண்டு. அப்புறம் ஒரு டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, அதற்கு 6, அதற்கடுத்த உதைக்கு 1. மொத்தம் 19 வர வேண்டுமே? அச்சுப்பிழை என்று நானே முடிவு கட்டி, 18-ஐ 19 ஆக்கிவிட்டேன்.

மறுநாள் ஃபைல் திரும்பி வந்தது. டீம் லீடர் அக்கா சத்தம் போடவில்லை. "பக்கத்துல என்ன இருக்கோ அதைத்தானேம்மா அடிக்கணும்? அந்த வருஷம் டச்டவுனுக்கு எத்தனை பாயின்ட்னு பாத்தியா?"

பார்த்தேன். ஐந்து. அதை ஆறாக்கியது 1912-இல்தான்.

மனசு கேட்காமல் அந்த அணியைப் பற்றித் தேடிப் படித்தேன். பென்சில்வேனியாவில் பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் 1879-இல் தொடங்கிய பள்ளி. பூர்வகுடிப் பிள்ளைகளை ஊரைவிட்டுக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசக் கூடாதென்று தடுத்து, ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் 180 பேருக்கும் மேல். அந்தக் கல்லறைகளின் படத்தைப் பார்த்த இரவு எனக்கு வேலை ஓடவில்லை. அங்கிருந்து வந்த பையன்கள்தான், பாப் வார்னரின் பயிற்சியில், பெரிய கல்லூரிகளோடு மோதி 1911-இல் பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்றை ஜெயித்தவர்கள். தோற்ற ஒரே ஆட்டம் சிரக்யூஸுடன், 12-11. ஒரே ஒரு புள்ளி. நான் கேட்காமலேயே கூட்டிக் கொடுத்ததும் ஒரு புள்ளிதான்.

சில வாரம் கழித்து 1912 நவம்பர் பக்கம் என் கைக்கே வந்தது. அமெரிக்க ராணுவக் கல்லூரி இருக்கும் வெஸ்ட் பாயின்டில் கார்லைல் 27, அந்தக் கல்லூரியின் ராணுவ அணி 6. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசனோவர் அன்று ராணுவ அணியில் ஆடினார். அந்த வருடக் கணக்கில் டச்டவுனுக்கு ஆறு. நான்கு டச்டவுனுக்கு 24, மூன்று உதைக்கு 3. சரியாக இருந்தது.

கீழே ஆட்டக்காரர் பட்டியலில் மை பரவியிருந்தது. தார்ப், வெல்ச், கயான் என்ற பெயர்களையெல்லாம் மென்பொருள் கண்டபடி படித்திருந்தது. பக்கத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். பதினோரு பெயருக்கு அரை மணி நேரம் ஆனது.