மழை விட்டதும் தூரம் அளக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் மெய்வல்லுநர் பருவம் தடையின்றி ஓடிய வருடங்கள் குறைவு. 2020 இல் கொரோனா, 2022 இல் எரிபொருள் வரிசை, 2025 கார்த்திகையில் டித்வா புயல். இவை எதுவும் வராவிட்டாலும் மாரி வரும், பரீட்சை வரும். ஓடுகிற பிள்ளைக்கு ஓர் ஒழுங்கை கிடைத்தாலே பயிற்சி நடக்கும். சம்மட்டி, அதாவது கைபிடியுள்ள கம்பியின் நுனியில் கொழுவிய குண்டு, எறிகிறவருக்கு நின்று சுழல வட்டமும் அதைச் சுற்றி வலைக்கூடும் வேண்டும். கூடு இல்லாத மைதானத்தில் முழுச் சுழற்சியோடு எறிய விடவே கூடாது. கை நழுவிய குண்டு எந்தத் திசையிலும் போகும்.

இடைவெளியில் பலம் போய்விடும் என்றுதான் பெற்றோரும் பிள்ளைகளும் பயப்படுகிறார்கள். இரண்டு மூன்று கிழமையில் பலம் அவ்வளவாகக் குறையாது. முதலில் கெடுவது வலது கால் தரைக்கு வரும் நேரம். வலக்கைக்காரர் இடப்பக்கமாகச் சுழல்வார். இடது குதிகாலில் தொடங்கி, பாதத்தின் வெளி விளிம்பில் உருண்டு, முன்பாதத்தில் முடிப்பார். அதற்குள் வலது கால் எழும்பிச் சுற்றி வந்து ஊன்ற வேண்டும். இரண்டு காலும் தரையில் இருக்கும்போதுதான் குண்டுக்கு வேகம் ஏற்ற முடியும். வலது கால் பிந்தினால் அந்த நேரம் சுருங்கும். அதை ஈடுகட்டப் பிள்ளை கையால் இழுப்பார். முழங்கை மடியும், சுற்றின் ஆரை குறையும், குண்டு வலையில் போய் அடிக்கும். பார்ப்பவர்கள் "இன்னும் பலமா எறி" என்பார்கள். அந்த நேரத்தில் சொல்லவே கூடாத சொல் அது.

வேகம் சிறிது கூடினாலும் தூரம் நிறையக் கூடும். காற்றையும் கைவிடும் உயரத்தையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 45 பாகையில் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் போகும் குண்டு ஏறக்குறைய 41 மீற்றரில் விழும். 21 ஆனால் 45 மீற்றர். அந்த 4 மீற்றரைக் காலின் நேரம் தரும்.

ஆகவே மழை நாளில் செய்யவேண்டியது இதுதான். பாடசாலை மண்டபத்துச் சீமெந்துத் தரையில் சோக்கால் ஒரு நேர்கோடு கீறுங்கள். சம்மட்டி இல்லாமல், கைகளை நீட்டிக் கோர்த்தபடி, கோட்டில் தொடர்ந்து நான்கு சுழற்சி. ஒரு தடவைக்கு எட்டுப் பத்து முறை போதும். களைத்த காலோடு செய்தால் பிழைதான் பழகும். இடது பாதம் கோட்டை விட்டு விலகினால் உடல் சாய்கிறது என்று அர்த்தம். வலது கால் ஊன்றும் சத்தத்தைக் கேளுங்கள்: சுழற்சிக்குச் சுழற்சி அது விரைவாக வரவேண்டும்.

வெயில் வந்ததும் வட்டத்தைப் பாருங்கள். 2.135 மீற்றர் விட்டமுள்ள அந்தக் கொங்கிறீற்றுத் தளம் இரும்பு விளிம்பைவிட ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் பதிவாக இருக்கும். எனவே மழைநீர் அதில் தேங்கும், பாசி பிடிக்கும். விளக்குமாற்றால் தள்ளி, காய்ந்த சாக்கால் துடைத்து, சப்பாத்தின் அடியையும் துடைத்தபிறகே ஏறவேண்டும். செம்பாட்டு மண் நனைந்திருந்தால் குண்டு ஆழப் புதையும். அதைக் கம்பியில் பிடித்து இழுக்காமல் தோண்டி எடுங்கள். இழுத்தால் கம்பி முறுக்கி மடியும். மடிந்த இடம், கொழுவும் வளையம் இரண்டிலும்தான் துரு ஏறி அறும். கடல் காற்றுள்ள ஊரில் இன்னும் விரைவாக. மடிப்பு விழுந்த கம்பியை நிமிர்த்திப் பாவிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். குண்டில் கம்பி கொழுவும் சுழல்முளைக்குக் கிறீஸ் இடுங்கள். கம்பி இழுபட்டு நீண்டாலும் சிக்கல்தான்: கைபிடியின் உட்பக்கத்திலிருந்து அளந்தால் 6 கிலோ சம்மட்டி 1215 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது.

திரும்பி எறியத் தொடங்கும் முதல் கிழமை ஒரு கிலோ குறைந்த சம்மட்டி, நின்றபடி சம்மட்டியைத் தலைக்கு மேலால் இரண்டு சுற்று, பிறகு உடலோடு ஒரே சுழற்சி, நாளுக்குப் பன்னிரண்டு எறிதல். அடுத்த கிழமை இரண்டு சுழற்சி. மூன்றாவது கிழமைதான் போட்டி நிறையும் மூன்று சுழற்சியும். நான்காவது சுழற்சியை இந்தப் பருவத்தில் புதிதாகச் சேர்க்க வேண்டாம். 1986 இல் யூரி செடிக் 86.74 மீற்றர் எறிந்தது மூன்று சுழற்சியில். இன்றும் அதுதான் உலக சாதனை.

போட்டி பிந்துவதால் வரும் இன்னொரு பிரச்சினை வயதுப் பிரிவு. 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 5 கிலோ, 20 இற்குள் 6, அதற்கு மேல் 7.26. தள்ளிப்போன போட்டி நடக்கும்போது பிள்ளை அடுத்த பிரிவுக்கு ஏறியிருக்கலாம். போன வருடத் தூரத்தோடு ஒப்பிட்டு "பின்னுக்குப் போய்விட்டான்" என்பது அநியாயம். பெண்களுக்கு 3 கிலோவிலிருந்து ஒரே ஏற்றம், 4 கிலோ. அதற்குப் பிறகு நிறை மாறாது.

போலந்தின் சம்மட்டி வீராங்கனை அனிட்டா வுலோடார்சிக் 2019 இல் முழங்கால் சத்திரசிகிச்சையால் உலகப் போட்டியைத் தவறவிட்டார். அடுத்த வருடம் ஒலிம்பிக்கே தள்ளிப்போனது. 2021 இல் டோக்கியோவில் 78.48 மீற்றர் எறிந்து தொடர்ந்து மூன்றாவது தங்கம் எடுத்தார். தவறிய பருவத்தோடு ஒரு வீராங்கனை முடிந்துபோவதில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இடைவெளிக்குப் பின் வரும் முதல் போட்டியில் முதல் எறிதலை முழு வேகத்தில் எறிய வேண்டாம். வட்டத்துக்குள் நின்று முடிக்கக்கூடிய வேகம் போதும். ஆட்கள் கூடிய போட்டியில் முதல் மூன்றும் செல்லாமல் போனால் அடுத்த மூன்று கிடைக்காது. ஒன்று பதிவானபிறகு இரண்டாவதில் வேகத்தைக் கூட்டலாம்.