கனடா குளிருக்கு எந்த டயர்?

காரோடு வந்த ஆல்-சீசன் டயரே போதுமா, வின்டர் டயர் தனியாக வாங்கணுமா? அக்டோபர் பிறந்தால் டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் புதிதாக கார் எடுத்த எல்லோருக்கும் வரும் கேள்வி இது. முதல் பனி விழட்டும், பார்க்கலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் ரப்பர் பனிக்காகக் காத்திருப்பதில்லை. வெறும் குளிரிலேயே அது இறுக ஆரம்பித்துவிடும்.

சாதாரண டயர், அதாவது சம்மர் டயர், 7 டிகிரிக்குக் கீழே போனதும் பிடிப்பை இழக்கத் தொடங்கும். மைனஸ் 7-ஐத் தாண்டினால் அதன் டிரெட், அதாவது ரோட்டில் படும் பகுதி, விரிசல் விடக்கூட வாய்ப்பு உண்டு. அந்தக் குளிரில் காரை நகர்த்தவே வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே எச்சரிக்கின்றன. நம் ஊர்ச் சாலைகளில் ஓடுபவை பெரும்பாலும் இந்த வகைதான், சென்னை வெயிலுக்கு அது சரி. கனடாவில் ஸ்போர்ட்ஸ் கார்களில்தான் இது வரும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் பக்கச்சுவரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆல்-சீசன் டயர் இடைப்பட்டது. வெயில், மழை, லேசான குளிர் வரை நன்றாகவே ஓடும். உறைநிலைக்குக் கீழே இறங்க இறங்க அதுவும் விறைத்துக்கொள்கிறது. வின்டர் டயரில் இயற்கை ரப்பரும் சிலிகாவும் கூடுதல், அதனால் மைனஸ் 30-லும் விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும். அதன் டிரெட்டில் உள்ள ரப்பர் கட்டங்களை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியது போல வளைந்து வளைந்து மெல்லிய வெட்டுகள் இருக்கும். கார் ஓடும்போது இந்த வெட்டுகள் திறந்து மூடி, பனிக்கட்டியின் மேலுள்ள ஈரப் படலத்தை உறிஞ்சித் தள்ளும். கட்டங்களுக்கு இடையே உள்ள பெரிய பள்ளங்களில் பனி இறுகி அடைந்துகொள்ளும்; அடைந்த பனி ரோட்டுப் பனியைப் பற்றுவதால்தான் பிடிப்பு வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மைனஸ் 20-ல் இருக்கும் பனிக்கட்டியைவிடப் பூஜ்ஜியத்தை ஒட்டிய பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும், மேலே தண்ணீர்ப் படலம் இருப்பதால். வின்னிபெக் அளவுக்கு டொராண்டோ குளிராது என்பது உண்மை. ஆனால் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடுவதாலேயே இந்த ஊர் ரோடு ஆபத்தானது. பகலில் உருகி, இரவில் உறைந்து, விடிகாலையில் கண்ணாடியாகக் கிடக்கும். 2013 டிசம்பர் ஐஸ் புயலை நினைவிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

டயரின் பக்கச்சுவரில் இரண்டு குறிகள் இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. 'எம் பிளஸ் எஸ்' (M+S, சேறும் பனியும்) என்பது பள்ளங்களின் அமைப்பைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, அதற்குப் பரிசோதனை கிடையாது. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறிதான் சோதித்துத் தருவது. இறுகிய பனியில் ஒப்பீட்டு டயரைவிட இழுவை குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருந்தால் அந்தக் குறி கிடைக்கும். வட அமெரிக்காவில் அந்தச் சோதனை, வண்டி பனியில் முன்னேறும் இழுவையைத்தான் அளக்கிறது. பனிக்கட்டியில் பிரேக் போட்டால் எங்கே நிற்கும் என்பதை அளப்பதில்லை. மலைக்குறி உள்ள எல்லா டயரும் ஒரே தரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இது ஆல்-வெதர் டயர் வாங்குகிறவர்களுக்கு முக்கியம். ஆல்-சீசனும் ஆல்-வெதரும் வேறு வேறு. மிஷ்லான் கிராஸ்கிளைமேட் 2, டோயோ செல்சியஸ் போன்ற ஆல்-வெதர் டயர்களுக்கு மலைக்குறி உண்டு, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம். பனியில் ஆல்-சீசனைவிடத் தெளிவாக மேல். பனிக்கட்டியில், பிளிஸாக், எக்ஸ்-ஐஸ், ஹக்கபெலிட்டா போன்ற அசல் வின்டர் டயருக்கு ஈடாகாது.

என் கருத்து இதுதான். அதிகாலை ஷிப்டுக்கு 401 நெடுஞ்சாலையில் ஏறுகிறவர், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் ஓட்டுகிறவர், பேரி, ஒட்டாவா பக்கம் இருப்பவர் வின்டர் டயர் தனி செட்டாகப் போடட்டும், இதில் பேரம் வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை, பனி கொட்டும் நாளில் காரை எடுக்காமல் இருக்க முடியும், இன்னொரு செட் வைக்க அபார்ட்மென்டில் இடமும் இல்லை என்றால் ஆல்-வெதர் போதும். ஆல்-சீசனை மட்டும் வைத்துக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டுவது வான்கூவர் நகரத்துக்குள் வேண்டுமானால் சரிப்படும். அங்கேயும் விஸ்லர் மலைப் பாதையில் ஏறுவதென்றால் அக்டோபர் 1 முதல் எம் பிளஸ் எஸ் குறியாவது இருக்க வேண்டும், டயர்ப் பள்ளத்தின் ஆழம் 3.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

ஆல்-வீல் டிரைவ் இருக்கிறதே என்பார்கள். அது நின்ற இடத்திலிருந்து கிளம்ப உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் காரிலும் நாலு பிரேக்தான், பிடிப்பது டயர்தான். வழுக்காமல் கிளம்பிவிட்ட தைரியத்தில் வேகமாகப் போய்த்தான் பல எஸ்.யு.வி.க்கள் பள்ளத்தில் இறங்குகின்றன.

செலவை மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் வாங்காதீர்கள். முன்சக்கரத்தில் மட்டும் வின்டர் டயர் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வளைவில் வழுக்கிக் காரையே சுழற்றிவிடும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டீயரிங் திருப்பியும் கார் நேராகப் போகும். நாலும் ஒரே மாடலாக இருக்கணும்.

அளவு, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். தனி ரிம் வாங்குவதானால் ஒரு அங்குலம் சின்ன ரிம் போடலாம். உதாரணமாக 215/50 ஆர் 17 ஓடும் காருக்கு 215/55 ஆர் 16 (கடைசி எண்தான் ரிம்மின் அங்குலம்). வெளிவிட்டம் ஏறக்குறைய அதேதான், 4 மி.மீ. வித்தியாசம்; டயர் விலை குறையும், பக்கச்சுவர் உயரமாவதால் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். ஆனால் பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சின்ன ரிம்முக்குள் அடங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எடை தாங்கும் எண் ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் குறையக் கூடாது. ஒரே ரிம்மில் வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால் கூலியும் அதிகம், விளிம்பும் கெடும். இரும்பு ரிம் அழகில்லை என்றாலும் பனி உருக உப்புத் தூவும் ரோட்டுக்கு அது போதும்.

பழைய செட் வாங்குவதானால் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 3522 என்றால் 2022-இன் 35-ஆவது வாரம் செய்தது. பள்ளம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால், சட்டப்படி ஓடலாம் என்றாலும், பனிக்கு உதவாது. பிளிஸாக்கில் சிறப்பு ரப்பர் மேல் பகுதியில் மட்டுமே இருப்பதால், பாதி தேய்ந்ததை வாங்குவது வீண் செலவு.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைக்குறி டயர் கட்டாயம், மீறினால் 200 முதல் 300 டாலர் அபராதம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை; ஆனால் 2016-இலிருந்து வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். நாமாகக் கேட்டால்தான் பெரும்பாலும் கிடைக்கும், ரசீதை வைத்திருங்கள்.

மாட்டிய பிறகு கவனிக்க வேண்டியது காற்று. வெளியே சுமார் 5 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. குறையும். கதகதப்பான கராஜுக்குள் 20 டிகிரியில் 33 வைத்துவிட்டு மைனஸ் 10-இல் வெளியே எடுத்தால் 27, 28-க்கு வந்துவிடும். வெளியில், ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து ஸ்டிக்கர் அளவுக்கு நிரப்புங்கள். அம்புக்குறி உள்ள டயர் சுழலும் திசையில்தான் மாட்டியிருக்கிறதா என்று கடையிலேயே சுற்றிப் பாருங்கள், அவசரத்தில் மாற்றி மாட்டுவது நடக்கும். வீல் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) மறுபடி இறுக்கிச் சரிபார்க்க வேண்டும். கொரோலாவுக்கு 76, சிவிக்குக்கு 80 அடி-பவுண்டு. மற்ற கார்களுக்குக் கையேட்டில் இருக்கும்.

நவம்பர் தொடக்கத்திலேயே மாட்டிவிடுங்கள், பனி விழுந்தபின் கடையில் இடம் கிடைக்காது. ஏப்ரலில் காலை நேரமும் 7 டிகிரிக்கு மேலேயே நிலைத்ததும் கழற்றிவிடுங்கள். சூடான ரோட்டில் மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், பிரேக் தூரமும் கூடும். கழற்றும்போதே எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதி, உப்பைக் கழுவி, ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், ரிம் இல்லாத டயரை நிற்க வையுங்கள். வெயில் படாத இடம், பக்கத்தில் மின்மோட்டார் இல்லாத இடம்.