ஒரு மீற்றர், ஏழு பேர்

2023 பெப்ரவரி 16, வியாழன்

நேற்று முதல் கரண்ட் கட்டணம் 66 வீதம் கூடிவிட்டது. கரண்ட் விலைக்குச் சம்மதம் கொடுக்கிற இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர் வேண்டாம் என்று நின்றார். மற்ற உறுப்பினர்கள் சம்மதித்துவிட்டார்கள். இனி மின்வெட்டு இல்லை என்றும் கூடவே அறிவித்திருக்கிறார்கள்.

மகளுக்கு உயர்தரப் பரீட்சை நாளையோடு முடிகிறது. இவ்வளவு நாளும் அவள் படிக்க உட்காரும் நேரம் பார்த்து வெட்டினார்கள். போன வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தோமே, அதையும் தாங்கிக்கொண்டு படித்த பிள்ளை. பரீட்சை முடியிற நேரம் வெளிச்சம் வருகுது என்று இரவு சாப்பிடும்போது சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெப்ரவரி 19, ஞாயிறு

பத்திரிகையில் வந்த புதிய விலைப் பட்டியலை வெட்டி, தையல் மெசினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். யூனிற் கூடக் கூடப் படி ஏறும், படிக்குப் படி விலையும் ஏறும். இன்று முழுக்க அதோடுதான் கணக்கு. வரியைச் சேர்க்காமல் பார்த்தேன்.

மாதம் 58 யூனிற் பாவிக்கிற சின்னக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். போன ஓகஸ்ட் வரைக்கும் அவர்களுக்கு 271 ரூபா வந்திருக்கும். ஓகஸ்டில் கூட்டியபோது 760 ஆனது. இப்போது 2486. ஒரு வருடம் ஆகவில்லை, ஒன்பது மடங்கு.

2014 செப்ரெம்பரிலிருந்து எட்டு வருடமாக விலையைத் தொடாமல் வைத்திருந்தார்கள் என்பது உண்மை. நிலக்கரியும் எண்ணெயும் டொலரில் வாங்கவேண்டும், டொலரும் ஏறிப்போச்சு என்பதும் உண்மை. நட்டத்தில் கரண்ட் தா என்று நான் கேட்கவில்லை. எட்டு வருடம் தள்ளிப்போட்டதை ஆறு மாதத்தில் எங்கள் தலையில் இறக்கினால் நாங்கள் எங்கே போவது? அந்த எட்டு வருடமும் தேர்தலைப் பார்த்து விலையைப் பிடித்து வைத்தவர்களுக்கு இப்போது என்ன தண்டனை?

எங்கள் வீட்டுக் கணக்கு வேறு மாதிரி. நாங்கள் ஏழு பேர். அம்மா, நான், மகள், தம்பி, மச்சாள், அவர்களின் இரண்டு சின்னப் பிள்ளைகள். மாதம் 118 யூனிற் அளவில் போகும். பழைய விலையில் 2028, ஓகஸ்டுக்குப் பிறகு 3800, இனி 6680.

இதே 118 யூனிற்றை இரண்டு வீட்டில், இரண்டு மீற்றரில், ஆளுக்கு 59 ஆகப் பாவித்திருந்தால்? ஒரு வீட்டுக்கு 2523. இரண்டுக்கும் சேர்த்து 5046. ஒரே அளவு கரண்ட்தான். ஒரு கூரைக்குக் கீழே இருக்கிற குற்றத்துக்கு 1634 ரூபா கூட. மீற்றருக்கு ஆட்களை எண்ணத் தெரியாது. ஏழு பேர் ஆளுக்குப் பதினேழு யூனிற்றும் பாவிக்கவில்லை. பட்டியலின்படி நாங்கள் கூடுதலாகப் பாவிக்கிற ஆட்கள். ஏசி பூட்டின வீட்டுக்குப் பக்கத்துப் படியில் எங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வீடாக இருக்கவேண்டிய குடும்பம்தான் நாங்கள். 1990இல் சண்டையில், யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிற மயிலிட்டியை விட்டு வந்தோம். அம்மாவின் காணி இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. தம்பிக்கென்று இருந்தது அந்தக் காணிதான். அது வந்திருந்தால் அவன் ஏன் கொக்குவிலில் என்னோடு நெருக்குப்பட்டுக் கிடக்கிறான்?

மார்ச் 13, திங்கள்

மீற்றர் பார்க்கிற பெடியன் இன்று வந்தான். முதல் சில நாள் பழைய விலை, மிச்சம் புதியது. ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. துண்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல், “அக்கா, நான் எழுதிறது மட்டும்தான்” என்றான். அவனை யாரோ ஏசியிருக்கவேண்டும். தண்ணீர் கொடுத்தேன், நின்று குடித்துவிட்டுப் போனான். அவன் வீட்டுக்கும் இதே துண்டுதான் போகும்.

பக்கத்து வளவு பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் கனடாவில், திறப்பு என்னிடம். ஒரு பல்பும் எரியவில்லை, ஒரு யூனிற்றும் ஓடவில்லை. நிலையான கட்டணம் மட்டும் 400. போன வருடம் இதே வீட்டுக்கு 30 ரூபா கட்டினேன்.

மார்ச் 15, புதன்

நாடு முழுக்க வேலைநிறுத்தம். வரி, வட்டி, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். திருநெல்வேலிச் சந்தைக்குப் போன இடத்தில் மரக்கறி விற்கிற அம்மா ஒருவர், “பிள்ளை, அவைக்குச் சம்பளம் இருக்கு, நிறுத்தினா நிறுத்தினதுதான். நான் இண்டைக்கு வராட்டி இந்தக் கீரை வாடிப்போகும்” என்றார். எனக்கும் அதேதான். நாளைக்குக் கொடுக்கவேண்டிய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஆறு கிடக்கிறது. என்னால் யாருக்கு எதிராக மெசினை நிறுத்தமுடியும்?

மார்ச் 22, புதன்

முந்தநாள் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்குக் கடன் கொடுக்கச் சம்மதித்துவிட்டது, மூன்று பில்லியன் டொலர் அளவில். சில இடங்களில் வெடி கொளுத்தினார்களாம்.

எங்கள் வீட்டில் இன்று ஒரு வெள்ளைச் சட்டை எரிந்தது.

தையல் மெசின் மோட்டார் பெரிதாக இழுக்காது. இழுக்கிறது அயன் பெட்டி. ஆயிரம் வாற்ஸ். சூடு பிடித்தபடி ஒரு மணித்தியாலம் நின்றால் ஒரு யூனிற், எங்கள் படியில் அதற்கு 50 ரூபா. தைத்த சட்டையை மினுக்காமல் கொடுக்க முடியுமா? அதனால் பரணில் கிடந்த அம்மாவின் பழைய கரி அயன் பெட்டியை இறக்கினேன். கைப்பிடி மரம் வெடித்திருந்தது, துணி சுற்றினேன். சிரட்டை எரித்துக் கரி போட்டு, மூடியைப் பூட்டி, வாசலில் நின்று இரண்டு பக்கமும் வீசி வீசிக் கனல் எழுப்பினேன். வாழையிலைத் துண்டில் ஒருதரம் தேய்த்து அடியைத் துடைத்தேன். அம்மா செய்வதைப் பார்த்துப் பழகியது, கை மறக்கவில்லை. நாலு சட்டை வடிவாக வந்தது. ஐந்தாவதில், பெட்டியைத் திருப்பும்போது பக்கத்து ஓட்டையால் ஒரு பொறி விழுந்தது. கொலருக்குக் கீழே, நெஞ்சுக்கு நேரே, மிளகளவு ஓட்டை. சுற்றிவர மண்ணிறம்.

துணி வாங்கித் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். அந்தச் சட்டைக்குரிய கூலியும் போய், மேலதிகமாக என் கையாலும் போனது. மிச்சம் பிடித்தது ஒரு யூனிற்கூட இல்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பொறுத்து, “ஜாம் போத்தலிலை பஞ்சு போட்டு விளக்கு எரிச்சம், அதுக்கும் பழகினம்” என்றா. 1990இல் கரண்ட் போனபிறகு வருடக்கணக்காக நான் படித்தது அந்த விளக்கில்தான். ஒரு சொட்டு மண்ணெண்ணெயை எண்ணி எண்ணி விட்ட காலம். ஆனால் அம்மா, அது சண்டைக்காலம். கம்பியும் இல்லை, கரண்டும் இல்லை. இன்றைக்குக் கம்பி வீட்டுக்குள்ளே இருக்கிறது. பழகினோம் என்பதற்காக இன்னொருதரம் பழகச் சொல்லக்கூடாது. மண்ணெண்ணெய்க்கும் இனிப் போகமுடியாது. போன ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். வள்ளக்காரர் கடலுக்குப் போகாமல் கரையில் இருந்ததைப் பார்த்தோம்.

ஏப்ரல் 12, புதன்

97 யூனிற். பில் 5630, வரி தவிர.

மகள் ஒவ்வொரு நாள் காலையும் மீற்றர் எண்ணைக் கலண்டரில் பென்சிலால் எழுதுகிறாள். கிணற்று மோட்டாரை இரண்டு நாளைக்கு ஒருதரம்தான் போட்டோம். மற்ற நாள் தம்பி கப்பியில் வாளி கட்டி அள்ளினான். ரைஸ் குக்கரை எடுத்து வைத்தாயிற்று. இவ்வளவும் செய்து 118ஐ 97க்குக் கொண்டுவந்தோம். 90க்குள் நின்றிருந்தால் 4430. அந்த ஏழு யூனிற்றின் விலை 1200 ரூபா. யூனிற் காசு 350தான், மிச்சம் 850 நிலையான கட்டணம் 650இலிருந்து 1500க்குப் பாய்ந்தது. கலண்டரைத் திருப்பிப் பார்த்தோம். இரண்டு நாள் முந்தித்தான் தொண்ணூறைத் தாண்டியிருக்கிறோம். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று இரவிரவாக ஃபேன் போட்டதும், வருடப்பிறப்புத் தையலுக்கு மினுக்கியதும் அந்த நாட்களில்தான்.

மச்சாள் அழுதுவிட்டாள். தன்ரை பிள்ளைகளால்தான் கூடுது என்று நினைக்கிறாள். ஒரு விலைப் பட்டியல் வீட்டுக்குள் புகுந்து இப்படியும் செய்யும். “அப்பிடி நினையாதையுங்கோ மச்சாள், கணக்குப் பிழை எங்கடை இல்லை” என்றேன். நம்பினாளோ தெரியாது.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப்பிறப்பு. மருத்துநீர் வைத்து முழுகினோம். புது உடுப்பு பிள்ளைகளுக்கு மட்டும். பொங்கல் முற்றத்தில், விறகில். நல்ல வெயில்.

மே 12, வெள்ளி

88 யூனிற். 4346 ரூபா. தொண்ணூறுக்குள் நின்றுவிட்டோம். துண்டைப் பார்த்ததும் மகள் கை தட்டினாள். எனக்கு மட்டும் எப்படி 88 ஆனது என்று தெரியும்.

செவ்வாய் இரவு இரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழும்பினேன். புழுக்கம் தாங்க முடியவில்லை, ஓடு எல்லாம் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. அம்மாவின் அறையில் ஃபேன் சத்தம் இல்லை. உள்ளே போனேன். கட்டிலில் இருந்தபடி பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறா. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. சுவிச்சைப் போடப் போனேன், “விடு பிள்ளை, எனக்கு நித்திரை வராது, ஏன் வீணாய்ச் சுத்துவான்” என்றா. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த நாள் மகளின் கலண்டரைப் பார்த்தேன். ஏப்ரல் 20இல் இருந்து ஒவ்வொரு நாளும் அரை யூனிற் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது.

78 வயது. சீனி வருத்தம். பிரிட்ஜை நிற்பாட்டலாம் என்று தம்பி ஒருநாள் சொன்னபோது, அம்மாவின் இன்சுலின் இருப்பதால்தான் நான் விடவில்லை. தன்னால் ஓடுகிற பிரிட்ஜுக்குத் தன் ஃபேனால் ஈடு கட்டியிருக்கிறா. அதைத்தான் நாங்கள் கை தட்டினோம்.

தனி லைன் எடுக்கலாமா என்று தம்பி போய் விசாரித்தான். கட்டவேண்டிய காசைக் கேட்டுவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டான்.

மே 25, வியாழன்

ஆணைக்குழுத் தலைவரை நேற்றுப் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. 123 பேர் நீக்க, 77 பேர் வேண்டாமென்று. அவர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. கட்டணம் கூடாது என்று அந்தக் கதிரையில் இருந்து ஒரு குரல் கேட்டது, இனிக் கேட்காது.

சோளகக் காற்று எழும்பிவிட்டது. பின்னேரம் கொடியில் கிடந்த துணியெல்லாம் மேற்கால் அடித்த காற்றில் படபடக்கிறது. மன்னாரில் இந்தக் காற்றில்தான் 100 மெகாவாற்றுக்குக் கரண்ட் எடுக்கிறார்கள். நெடுந்தீவிலோ இன்னும் டீசல் என்ஜின்தான் ஓடுகிறது. காற்றும் வெயிலும் இவ்வளவு கிடக்கிற தீவில், கப்பலில் வருகிற எண்ணெயை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுபோய் எரிக்கவேண்டியிருக்கிறது. விலையைக் கூட்டப் பட்ட அவசரத்தில் பாதியை இதில் காட்டியிருக்கலாம்.

ஜூலை 1, சனி

இன்று முதல் குறைத்திருக்கிறார்கள். சராசரியாக 14.2 வீதம். கீழ்ப்படியில் உள்ளவர்களுக்கு நல்ல குறைப்பு. முப்பது யூனிற்றுக்குள் இருந்தால் யூனிற் 30 ரூபாவில் இருந்து 10, நிலையான கட்டணம் 400இலிருந்து 150. பூட்டின வீட்டுக்கு இனி 150. அந்த 58 யூனிற் குடும்பத்துக்கு 2486 போய் 1300. மனதாரச் சந்தோசம். ஆனால் போன ஜூலையில் 271 கட்டிய அதே குடும்பம்தான் அது.

எங்களுக்கும் கொஞ்சம் இறங்கும். படிகள் அப்படியேதான் இருக்கின்றன. மீற்றருக்கு இன்னும் ஆட்களை எண்ணத் தெரியாது.

செய்தி கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “எவ்வளவாம் குறைஞ்சது?” என்று கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் பார்ப்பதுபோல விரலை மடக்கிக்கொண்டிருந்தா. பிறகு எழும்பித் தன் அறைக்குப் போனா. நான் மெசினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். சத்தம் வரவில்லை. நானே போய்ச் சுவிச்சைப் போட்டு, மூன்றில் வைத்துவிட்டு வந்தேன்.