முடியாத நாவலுக்கு ஒரு விருது

நான் இருப்பது சவுத் ஷீல்ட்ஸில். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டைன் ஆறு கடலில் சேரும் ஊர். ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். பிறந்தது வேதாரண்யம் பக்கம். என் அப்பாயி உப்பளத்தில் உப்பு வாரியவர். அவரை மனதில் வைத்து ஒரு நாவல் தொடங்கினேன். ஆறு வருடமாக அது முடியாமலே கிடந்தது. ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்கள் தங்கள் கொள்ளுப்பாட்டியைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை.

விருது என்றால் அச்சாகி வெளிவந்த புத்தகத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மூரில் அப்படித்தானே பார்த்து வளர்ந்தோம். சாகித்திய அகாதெமி விருதும் வெளிவந்த நூலுக்குத்தான். 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011 முதல் தருகிற யுவ புரஸ்காரும் வெளிவந்த நூலுக்குத்தான். எழுதி, பதிப்பாளர் கிடைத்து, புத்தகம் வந்த பிறகுதான் ஒருவரை எழுத்தாளர் என்று கூப்பிடுகிறார்கள். அதுவரை அவர் பாடு அவரோடு.

நியூகாசிலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 'லிட் அண்ட் ஃபில்' என்று ஒரு பழைய நூலகம் இருக்கிறது. 1793இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் நூலகம். 1880இல் ஜோசப் ஸ்வான் தன் மின்விளக்கை ஒரு சொற்பொழிவில் எரிய வைத்துக் காட்டியது அந்தச் சங்கத்தில்தான். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். விடுமுறை நாளில் மெட்ரோ பிடித்து அங்கே போய்விடுவேன். அங்கே அறிமுகமானவர்தான் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். கவிதை எழுதுகிறவர். என் நாவல் கதையை ஒருநாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீர் ஏன் நார்தர்ன் ரைட்டர்ஸ் அவார்ட்ஸுக்குப் போடேல்லை?" என்று கேட்டார்.

"இன்னும் முடிக்கவே இல்லையே அக்கா."

"முடிஞ்ச புத்தகத்துக்கில்லையம்மா. முடியாததுக்குத்தான் குடுக்கினம்."

அன்று ராத்திரி வேலையில் இருக்கும்போதும் அந்த ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நியூ ரைட்டிங் நார்த் என்ற இலக்கிய அமைப்பு நியூகாசிலில் இருக்கிறது. அவர்கள் 2000இல் தொடங்கியது இந்த விருது. வட இங்கிலாந்தில் வசிப்பவர்கள் போடலாம். வடகிழக்கு, வடமேற்கு, யார்க்‌ஷயர் எல்லாம் இதில் வரும். நாவல், சிறுகதை, கவிதை, வாழ்க்கைக் கதை போன்ற புனைவல்லாத எழுத்து என்று பிரிவுகள் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும் படைப்பைத்தான் கேட்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசு என்பது அந்தப் படைப்பை முடிப்பதற்கான உதவி. சிலருக்குப் பணம், வேலையில் கொஞ்ச நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எழுத. சிலருக்கு வழிகாட்டி. சிலருக்குக் கைப்பிரதியை முழுக்கப் படித்து மதிப்பீடு செய்து தருவது. எழுத்தாளர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே வந்து கைகொடுக்கிற விருது என்றுதான் இதைச் சொல்வேன்.

சரி, முதல் வருடக் கதை. விண்ணப்பத்தில் மூன்று விஷயம் முக்கியம்: படைப்பிலிருந்து ஒரு பகுதி, முழுக் கதையின் சுருக்கம், இந்த உதவி உங்களுக்கு எதற்கு என்று ஒரு விளக்கம். மூன்றிலும் நான் தவறினேன்.

பகுதி என்றதும் நாவலின் நடுவிலிருந்து 1977 நவம்பர் புயல் அத்தியாயத்தை எடுத்து அனுப்பினேன். நாகப்பட்டினம் கரையில் பிறந்தவர்களுக்கு அந்தப் புயலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான். ஆனால் அதில் ஓடுகிற பெண் யார், அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளை யாருடையது, ஏன் அவள் வீட்டை விட்டு உப்பளத்துக் கொட்டகையை நோக்கி ஓடுகிறாள் என்பது முந்தைய 120 பக்கங்களைப் படித்தவருக்குத்தான் தெரியும். கதைச்சுருக்கத்தைக் கேள்விக்குறியில் முடித்திருந்தேன்: அவள் உப்பளத்தை விட்டுப் போனாளா? புத்தகத்தின் பின்னட்டையில் போடுகிற மாதிரி. விளக்கத்தில், ஆங்கிலம் என் தாய்மொழி இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

தேர்வாகவில்லை. மின்னஞ்சலில் முடிவு மட்டும்தான் இருந்தது. இரண்டு நாள் மனது சரியில்லை.

அடுத்த முறைக்கு ஏறக்குறைய ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில்தான் இந்த நாவல் உருப்பட்டது, பரிசு வந்ததால் இல்லை என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அக்கா என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "சுருக்கம் எண்டால் முடிவையும் சொல்ல வேணும். வாசிக்கிற ஆளுக்கு ஒளிக்கிறதுக்கு இல்லை, உமக்குக் கதை தெரியுமோ எண்டு பாக்கிறதுக்கு." வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். புயல் வரைக்கும் கை தானாக ஓடியது. அதற்கப்புறம் நின்றுவிட்டது. முடிவை நான் யாரிடமும் மறைக்கவில்லை, எனக்கே முடிவு தெரியாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஆறு வருடமாக நாவல் ஏன் நகரவில்லை என்பதற்கும் பதில் அந்த ஒரு பக்கத்திலேயே இருந்தது.

ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவிடம், புயலுக்கு அப்புறம் அப்பாயி என்ன செய்தார் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அதைக் கேட்கவே தோன்றவில்லை, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அம்மா சொன்னார்: "என்ன செய்யிறது? பாத்தியெல்லாம் சேறு. தண்ணி வடியிற வரைக்கும் பாத்துட்டு, வரப்பைத் திரும்பக் கட்டப் போயிட்டாங்க. கூலி கிடைக்குமான்னுகூடக் கேக்கல." அந்த வரப்பில்தான் இப்போது என் நாவல் முடிகிறது.

முடிவு கிடைத்ததும் மற்றது சுலபமாகிவிட்டது. பகுதியாக முதல் அத்தியாயத்தையே வைத்தேன். விளக்கத்தில் மன்னிப்பை எடுத்துவிட்டு எனக்கு என்ன தேவை என்று நேராக எழுதினேன்: முழு வரைவு இருக்கிறது, தொழில் தெரிந்த ஒருவர் முழுதாகப் படித்ததில்லை, காசு கொடுத்து மதிப்பீடு வாங்க என் சம்பளத்தில் முடியாது. விண்ணப்பிக்கிறவர்களுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். கனவு, ஆர்வம், சின்ன வயதிலிருந்தே புத்தகம் பிடிக்கும் என்றெல்லாம் எழுதி இடத்தை நிரப்பாதீர்கள். படைப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எங்கே சிக்கியிருக்கிறது, எது கிடைத்தால் நகரும், அது போதும். அப்புறம், சொல் எண்ணிக்கை, பிரிவு, வசிப்பிடம் பற்றிய விதிகளை அந்தந்த வருட அறிவிப்பிலேயே பாருங்கள். பழைய வருடத்துக் குறிப்பை நம்ப வேண்டாம்.

கோடையில் ஒருநாள், இரவுப் பணி முடிந்து காலை ஏழரைக்கு மெட்ரோவுக்குக் காத்திருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. பணப்பரிசு இல்லை. எனக்குக் கிடைத்தது ஃப்ரீ ரீட்ஸ். தி லிட்டரரி கன்சல்டன்சி என்ற நிறுவனம் கைப்பிரதிகளை மதிப்பீடு செய்கிற தொழிலில் இருக்கிறது. முழு நாவலுக்குக் காசு கொடுத்துச் செய்தால் பல நூறு பவுண்டு ஆகும். வருமானம் குறைந்த எழுத்தாளர்களுக்கு ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்தின் ஆதரவோடு அதை இலவசமாகச் செய்து தருகிற திட்டம் இது. வட்டார இலக்கிய அமைப்புகள் வழியாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடைமேடையில் நின்று அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் என் தோளில் கை வைத்து, "எல்லாம் சரியா இருக்கா கண்ணு?" என்று அவர் பாஷையில் கேட்டார்.

அறிக்கை ஒன்பது பக்கம். முதல் முறை படித்தபோது கண்ணில் பட்டதெல்லாம் குறைகள்தான். ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். பெரிய விஷயம் இரண்டு.

ஒன்று, கதை 41ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது என்றார் படித்தவர். முதல் 40 பக்கத்தில் நான் 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்த உப்பு சத்தியாகிரகத்தை விலாவாரியாக எழுதியிருந்தேன். வெளிநாட்டு வாசகருக்குக் காந்தியின் தண்டி தெரியும், வேதாரண்யம் தெரியாது, அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம். அறிக்கையில் இருந்ததன் சாரம் இதுதான்: இந்த வரலாறு உங்களுக்கு முக்கியம் என்று புரிகிறது, ஆனால் அதை நடந்தவர்கள் கண்ணால் பார்க்கிறோமே தவிர உப்பளத்துப் பெண்ணின் கண்ணால் பார்க்கவில்லை. நாற்பது பக்கமும் போயிற்று. அதில் ஒரே ஒரு இடம் மட்டும் மிஞ்சியது. தலைவர்கள் அள்ளிய உப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நாம் தினமும் அள்ளுவதைப் பற்றி யார் பேசினார்கள் என்று என் கதாபாத்திரம் தன் மகளிடம் சொல்கிற இடம்.

இரண்டாவது விஷயம் என்னை இன்னும் யோசிக்க வைத்தது. நாவலில் வருகிற மூன்று பெண்களையும் பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியிருந்தார். எனக்கு ஆச்சரியம். அத்தையும் சின்னம்மாவும் பெரியம்மாவும் எப்படிக் குழம்புவார்கள்? கைப்பிரதியைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று பேரையும் 'ஆன்ட்டி' என்றே ஆங்கிலத்தில் போட்டு வைத்திருக்கிறேன். தமிழில் ஒரு சொல்லிலேயே அப்பா வழியா அம்மா வழியா, மூத்தவளா இளையவளா, அவள் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாமா கூடாதா எல்லாம் வந்துவிடுகிறது. நான் எழுதும்போது என் காதில் 'அத்தை' என்றுதான் ஒலித்தது. தாளில் விழுந்தது வேறு. திருத்தும்போது அத்தை, சின்னம்மா, பெரியம்மா மூன்றையும் அப்படியே வைத்தேன். அடைப்புக்குறியில் விளக்கமும் தரவில்லை. அதற்குப் பதிலாக, அத்தை மகனைப் பற்றிப் பேச்சு வந்ததும் பெண் தலையைக் குனிகிற மாதிரி ஒரு காட்சி எழுதினேன். உறவு அதிலேயே புரிந்துவிடும். என் பெரிய பெண்ணிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அம்மா, அப்போ உங்க அத்தை பையன்?" என்று கேட்டாள்.

திருத்த எட்டு மாதம் ஆனது. இடையில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். உப்பு பற்றி இன்னும் தெரிந்துகொள்ள நூலகத்தில் தேடும்போது, நான் குடியிருக்கும் இதே ஊர் ஒரு காலத்தில் உப்புக் காய்ச்சிய ஊர் என்று படித்தேன். 15ஆம் நூற்றாண்டிலேயே இங்கே இரும்புப் பாத்திரங்களில் கடல்நீரை ஊற்றி நிலக்கரி எரித்துக் காய்ச்சியிருக்கிறார்கள். வேதாரண்யத்தில் வெயில் செய்கிற வேலையை இங்கே கரி செய்திருக்கிறது. பத்து வருடமாக நான் நடக்கிற கரையில் உப்புப் புகை சூழ்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. நாவலுக்குள் அது வரவில்லை, வலிந்து நுழைக்கவும் மாட்டேன். ஆனால் எழுத உட்காரும்போது அப்பாயி அவ்வளவு தூரத்தில் இல்லை என்று ஒரு தைரியம்.

பிரிட்டனிலேயே வேறு பகுதியில் இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. கிழக்குப் பகுதிக்கு நாரிச்சில் இருக்கும் நேஷனல் சென்டர் ஃபார் ரைட்டிங்கின் எஸ்கலேட்டர் திட்டம். லண்டனில் ஸ்ப்ரெட் த வேர்ட் அமைப்பு 2018இல் தொடங்கிய லண்டன் ரைட்டர்ஸ் அவார்ட்ஸ். ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் புக் டிரஸ்ட் 2009இல் தொடங்கிய நியூ ரைட்டர்ஸ் அவார்ட்ஸ். அதில் 2,000 பவுண்டும் வழிகாட்டுதலும் உண்டு, கேலிக் மொழியில் எழுதுகிறவர்களுக்குத் தனி இடமும் உண்டு. சிறிய மொழி ஒன்றில் முடியாத கைப்பிரதியோடு இருப்பவரைத் தேடிப்போய் உதவுகிறார்கள் என்று படித்தபோது, தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி ஒன்று இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். பணம்கூடப் பெரிதாக வேண்டாம். முழுதாகப் படித்து ஒன்பது பக்கம் எழுதித் தர ஒருவர் இருந்தால் போதும்.

என் நாவல் இப்போது 268 பக்கம். எழுத்தாளருக்காகப் பதிப்பாளரைத் தேடித் தருகிற இலக்கிய முகவர்கள் மூன்று பேருக்கு அனுப்பினேன். ஒருவர் வேண்டாம் என்றார். ஒருவரிடமிருந்து பதில் இல்லை. ஒருவர் முழுக் கைப்பிரதியையும் கேட்டிருக்கிறார், அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. அக்கா தன் கவிதைத் தொகுப்போடு இந்த வருடம் போடப் போகிறார். கதைச்சுருக்கம் அவருக்குத் தேவைப்படாது. விளக்கத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.