மாற்றியமைத்த .21 நைட்ரோ எஞ்சின்: சூட்டில் பழக்கிய பதிவு

வண்டி ரிமோட்டில் ஓடும் 1/8 அளவு மான்ஸ்டர் டிரக். எரிபொருளோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 5 கிலோ. எஞ்சின் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் .21 வகை, அதாவது 0.21 கன அங்குலம், 3.5 சி.சி.க்குக் கொஞ்சம் குறைவு. ஏபிசி கட்டமைப்பு: அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை), ஸ்லீவின் உட்சுவரில் குரோம் பூச்சு. டர்போ பிளக் (கம்பிச்சுருள் ஒளிர்ந்து எரிபொருளைப் பற்றவைப்பது) ஹெட், பின்பக்கம் ரோட்டோ ஸ்டார்ட்டர் (கையில் பிடிக்கும் மோட்டாரால் சுற்றிக் கிளப்புவது). பெட்டியில் வந்தபடியே பூட்டாமல், கிராங்கிலும் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஸ்லீவிலும் வேலை செய்துவிட்டுப் பழக்கிய, அதாவது புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று படியும்படி மெல்ல ஓட்டிய விவரம் இது.

இந்த வகை எஞ்சினில் பிஸ்டன் ரிங் கிடையாது. ஸ்லீவ் மேலே போகப் போக மயிரிழை அளவு குறுகும். குளிர்ந்த எஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் மேல்முனையில் இறுகிப் பிடிக்கும் அல்லவா, அதுதான் பிஞ்ச். கம்ப்ரெஷன் முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. ஓடி சூடேறி ஸ்லீவின் மேல்பாகம் விரிந்த பிறகே பிஸ்டனுக்கு உரிய இடைவெளி கிடைக்கும். 95 டிகிரி செல்சியசில் பொருந்த வேண்டிய ஜோடியை 60 டிகிரியில் ஓட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஆப்பு மாதிரி மேலே போய் இறுகும், பிறகு பிடுங்கி இறங்கும். தேய்வது பிஸ்டனின் மேல்விளிம்பு. அடிவாங்குவது கனெக்டிங் ராட்.

"நல்லா ரிச்சா வச்சு, ஸ்டாண்டில் ஏத்தி, அஞ்சு டேங்க் ஐட்லிங்கில் விடு" என்ற பழைய யோசனையைத் தவிர்த்ததற்குக் காரணம் இதுதான். ரிச்சாக, அதாவது காற்றோடு எரிபொருளைக் கூடுதலாக விட்டு ஓட்டினால் எண்ணெய் நிறைய போகும், அது நல்லது. கூடவே மெத்தனாலும் நிறைய போகும். அது ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு எஞ்சினைக் குளிரவைத்துவிடும். எண்ணெயும் வேண்டும், சூடும் வேண்டும். பழக்குவதில் உள்ள சிக்கல் மொத்தமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

செய்த மாற்றங்கள்

கிராங்கின் உள்துளையில், காற்றும் எரிபொருளும் நுழையும் ஜன்னலுக்கு முன்பக்கம் ஒரு முட்டுச்சந்து இருக்கும். வரும் கலவை அங்கே மோதிச் சுழன்று வேகம் இழக்கும். அந்த மூலையைச் சூடு தாங்கும் எபாக்சியால் நிரப்பி, பின்பக்கமாக வளைந்து இறங்கும் சரிவாக்கியாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது எபாக்சியின் தரம். நைட்ரோமீத்தேன் வலுவான கரைப்பான். கடையில் கிடைக்கும் பல எபாக்சிகள் அதில் பிசுபிசுத்துவிடும். ஒரு துளியைத் தனியாகக் காயவைத்து, ஓட்டப்போகும் அதே எரிபொருளில் ஓர் இரவு ஊறப்போட்டு, நகத்தால் கீறிப் பார்த்த பிறகே கிராங்கில் போட வேண்டும். துளையின் உட்புறத்தை 120 நம்பர் எமரித் தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் எண்ணெய்ப்பசை போகத் துடைக்காவிட்டால் பிடிக்காது. உரிந்து வந்தால் அந்தத் துண்டு நேராக பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவில்தான் போய் நிற்கும்.

ஜன்னலின் விளிம்புகளை உருட்டியதோடு சரி, அகலப்படுத்தவில்லை. அகலப்படுத்தினால் டைமிங், அதாவது ஜன்னல் திறந்து மூடும் நேரம் மாறும். அதோடு, கிராங்க் முறிவது பெரும்பாலும் அந்த மெல்லிய இடத்தில்தான்.

ஸ்லீவில் டிரான்ஸ்ஃபர் போர்ட்களின் (கலவை பிஸ்டனுக்கு மேலே நுழையும் துளைகள்) வெளிப்பக்கக் கீழ்விளிம்பை மட்டும் சரித்தது. எக்சாஸ்ட் போர்ட்டின் மேல்விளிம்பைத் தொடவே இல்லை. அதை உயர்த்தினால் போர்ட் சீக்கிரம் திறக்கும். சக்தி உயர் வேகத்துக்கு ஏறிவிடும். தட்டையான தடத்தில் ஓடும் இலகுவான காருக்கு அது சரி. பெரிய சக்கரத்தோடு 5 கிலோவை நின்ற இடத்திலிருந்து இழுக்கும் டிரக்குக்கு வீண். குரோம் பூசிய விளிம்புக்கு அருகில் வைர அரம் போடும்போது, உள்ளிருந்து வெளியே தள்ளும் வாட்டத்தில்தான் அராவ வேண்டும். வெளியிலிருந்து உள்ளே அராவினால் பூச்சு விளிம்பில் தூக்கிக்கொண்டு உரியத் தொடங்கும்.

இத்தனை அராவலுக்குப் பிறகு உண்மையான எதிரி தூள். கிராங்க்கேஸை ஹீட் கன்னால் சூடேற்றி மரக்கட்டையில் தட்டினால் பின்பக்க பேரிங் தானாகவே நழுவி விழும். முன்பக்க பேரிங்கையும் எடுத்துவிட்டு, கேஸை வெந்நீர், பாத்திர சோப்பு, பழைய பல் துலக்கி கொண்டு தேய்த்துக் கழுவி, கடைசியில் மெத்தனாலில் அலசியாயிற்று. வெள்ளைத் துணியை உள்ளே சுழற்றி எடுத்தால் சாம்பல் நிறம் வரக்கூடாது. வந்தால் மறுபடியும் கழுவல்தான். வேலை நடந்தபோது கேஸில் இருந்த பேரிங்குகளைக் கழுவித் திரும்பப் போடுவதைவிடப் புதிதாகப் போடுவது மலிவு.

பூட்டும்போது

ராடும் பிஸ்டனும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தனவோ அப்படியே திரும்பப் போக வேண்டும். கழற்றுமுன் மார்க்கரால் குறி வைத்துக்கொள்ளவும். பெரிய முனை, சின்ன முனை, பேரிங்குகள் எல்லாவற்றிலும் ஆஃப்டர்-ரன் எண்ணெய் (ஓட்டி முடித்ததும் துருப்பிடிக்காமல் இருக்க விடுவது).

அடுத்தது ஹெட் கிளியரன்ஸ், அதாவது பிஸ்டன் உச்சிக்கும் ஹெட் பட்டனுக்கும் (எரியறையின் கூரை) உள்ள இடைவெளி. 1 மி.மீ. தடிமனுள்ள மென்மையான ஈயக்கம்பியைப் பிளக் துளை வழியாக விட்டு, ஸ்லீவின் சுவரைத் தொடும்படி பிடித்து, பிஸ்டனை மேல்முனை தாண்டச் சுற்றினால் கம்பி நசுங்கும். அந்த நசுங்கலை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். கம்பியை பிஸ்டன் பின் இருக்கும் திசையில் விட்டால்தான் சரியான அளவு. குறுக்கே விட்டால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். 0.48 மி.மீ. வந்தது. 25% நைட்ரோவுக்கு அது இறுக்கம். 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய உலோக வளையம்) ஒன்று சேர்த்து 0.58 ஆக்கியது. ஹெட் போல்ட்டுகளை எதிரெதிராக, கால் கால் சுற்றாக இறுக்கவும். ஒரு பக்கம் முதலில் இறுகினால் ஸ்லீவ் கோணி, பிஞ்ச் ஒரு பக்கம் மட்டும் கடிக்கும்.

காற்றுக் கசிவுச் சோதனையை விட்டுவிட்டால் அதற்குப் பிறகு செய்யும் டியூனிங் எதற்கும் அர்த்தமில்லை. எக்சாஸ்டை ரப்பர் துண்டால் அடைத்து, ஏர் ஃபில்டர் வரும் வாயில் குழாய் பொருத்தி, கேஸைச் சுற்றிச் சோப்பு நுரை தடவி மெதுவாக ஊதிப் பார்க்கலாம். கார்புரேட்டர் கழுத்தின் ஓ-ரிங், பேக்பிளேட் (கேஸின் பின்மூடி) ஓ-ரிங், ரோட்டோ ஸ்டார்ட்டர் ஷாப்ட் வெளியே வரும் துளை ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். கடைசிதான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் யாரும் அங்கே பார்ப்பதில்லை. முன்பக்க பேரிங்கில் இலேசான கசிவு இருந்தால் விட்டுவிடலாம்.

முதல் டேங்க்

எரிபொருள் 25% நைட்ரோ, 12% எண்ணெய். எண்ணெயில் ஒரு பங்கு ஆமணக்கு. பழக்க ஒன்று, ஓட்ட ஒன்று என்று நைட்ரோ சதவீதத்தை மாற்றுவதில் லாபமில்லை. மாற்றினால் நீடில் (எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஹை ஸ்பீடு நீடிலைக் கையேட்டில் சொன்னதைவிடக் கால் சுற்று கூடுதலாகத் திறந்தது. கிராங்கில் மாற்றம் செய்த எஞ்சினுக்குக் கையேட்டு அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. லோ ஸ்பீடு நீடிலை அப்படியே விட்டது. ஐட்லிங்கில் கார்புரேட்டர் வாயின் இடைவெளி 1 மி.மீ.

ஹீட் கன்னால் ஹெட்டையும் கேஸின் மேல்பாகத்தையும் 90 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஸ்டார்ட்டர். எரிபொருள் டேங்க் அருகே ஹீட் கன் வேண்டாம். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சூட்டில் பிஞ்ச் தளர்ந்திருப்பதால் எஞ்சின் இலேசாகச் சுற்றும். அப்படியும் முட்டினால் பிளக்கை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட் செய்து, பிடித்ததும் இறுக்கவும். திடீரென்று கல்லாக நின்றுவிட்டால் அது பிஞ்ச் இல்லை, உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது. பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, துணி போர்த்திச் சுற்றி வெளியேற்ற வேண்டும். பலவந்தம் செய்தால் வளைவது ராட்.

வெப்பமானி பற்றி ஒரு வார்த்தை. பளபளக்கும் அலுமினிய ஹெட்டில் அகச்சிவப்புத் துப்பாக்கி உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். அந்தக் கருவிகள் மங்கலான பரப்புக்கென்று அளவிடப்பட்டவை. பிளக்கைச் சுற்றி ஹெட்டின் நடுக்குழியில் சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட்டை ஒரு பொட்டு வைத்து, எப்போதும் அந்தப் பொட்டையே நேர்மேலிருந்து குறிவைக்கவும். ஃபின்களில் அளந்த எண் எதற்கும் உதவாது.

முதல் டேங்கை 2 முதல் 3 நிமிடத் துண்டுகளாக ஓட்டியது. தரையில், கால் திராட்டிலில், 8 போட்டபடி. ஸ்டாண்டில் சக்கரம் தொங்கச் சுழற்றுவது கூடாது. சுமையில்லாமல் ஆர்பிஎம் ஏறிவிடும். எக்சாஸ்டில் கனத்த வெண்புகை, வண்டி தயங்கித் தயங்கி நகர்வது இரண்டும் இந்தக் கட்டத்தில் சரியான அறிகுறி. வெப்பம் 85க்குக் கீழே விழுந்தால் நீடிலை மூடி லீன் செய்யாமல், அதாவது எரிபொருளைக் குறைக்காமல், ஹெட்டைச் சுற்றி அலுமினியத் தாளைப் பாதி உயரத்துக்குச் சுற்றிவிடவும். எண்ணெய் குறையாமல் சூடு ஏறும். குளிர் நாட்டுக்காரர்கள் இதைத் தவறாமல் செய்வார்கள். சென்னை வெயிலில் வண்டியின் பாடியை மாட்டி வைத்தாலே பெரும்பாலும் போதும்.

ஒவ்வொரு துண்டின் முடிவிலும் எக்சாஸ்ட் வாயைத் துணி சுற்றிய ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அடைத்து நிறுத்தியது. எரிபொருள் குழாயைக் கிள்ளி நிறுத்தினால், சாகும் முன் ஓரிரு நொடி லீனாகி ஆர்பிஎம் எகிறும். புது எஞ்சினுக்கு அது வேண்டாத வேலை. நின்ற உடனே பிஸ்டன் கீழ்முனைக்கு வர வேண்டும். பிளைவீலில் முன்கூட்டியே பெயின்ட் குறி வைத்திருந்தால் ஒரு நொடி வேலை. மறந்தால் சூடான ஸ்லீவ் பிஸ்டனைப் பிடித்தபடி ஆறி, மேல்பாகம் விரிந்த வடிவிலேயே இருந்துவிடும். பிஞ்சில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். கை வைத்தால் சூடே தெரியாத அளவு ஆறிய பிறகுதான் அடுத்த துண்டு.

இரண்டு முதல் ஐந்து வரை

இரண்டாம் டேங்கில் அரைத் திராட்டில், வெப்பம் 95–100. மூன்றாவதில் முக்கால் திராட்டில், 2 நொடி பிடித்து விடுவது. நான்காவதில் முழுத் திராட்டில், அதுவும் 2 நொடிக்கு மேல் இல்லை, வெப்பம் 105. ஒவ்வொரு டேங்குக்கும் ஹை ஸ்பீடு நீடிலை 1/12 சுற்று மூடியது. ஐந்தாவதில் 110 வரை விட்டது. இரண்டாவதிலிருந்து ஓட்டும் நேரத்தைக் கூட்டலாம். ஆனால் முன்சூடு கடைசி டேங்க் வரை உண்டு.

எக்சாஸ்டில் வடியும் எண்ணெயை ஒவ்வொரு முறையும் வெள்ளை டிஷ்யூவில் ஒற்றிப் பார்க்க வேண்டும். முதல் டேங்கில் இலேசான சாம்பல் கலங்கல் வந்தது. பிஸ்டன் அலுமினியம் படியும்போது அது இயல்பு. மூன்றாவதில் எண்ணெய் தெளிந்து இளம்பழுப்பாகிவிட்டது. அங்கேயும் கறுஞ்சாம்பலாக வந்துகொண்டிருந்தால் எஞ்சின் குளிரில் ஓடுகிறது, அல்லது ஸ்லீவ் கோணியிருக்கிறது. பொன்னிறத் துகள் மின்னினால் அது ராடின் வெண்கலப் புஷ்ஷாக இருக்கலாம். மேலே ஓட்டாமல் பேக்பிளேட்டைத் திறக்கவும்.

இதில் பலரும் கணக்கில் எடுக்காத பாகம் கிளட்ச். மெதுவாக 8 போடும்போது கிளட்ச் முழுக்கப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு கிளட்ச் பெல்லின் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் காய்ச்சிவிடும். இரண்டு டேங்குக்கு ஒருமுறை பெல்லை விரலால் சுற்றிப் பார்க்கவும்; கரகரத்தால் மாற்றிவிடவும். பழக்கும்போது பேரிங் இறுகினால் வண்டி ஐட்லிங்கிலேயே ஊர்ந்து போகும். உடனே ஆர்பிஎம் அதிகம் என்று நினைத்து ஐட்லிங்கைக் குறைப்பார்கள், எஞ்சின் அணைந்துகொண்டே இருக்கும்.

ஐந்தாம் டேங்கின் முடிவில் லோ ஸ்பீடு நீடிலுக்குக் கிள்ளல் சோதனை: சூடான எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் அருகே எரிபொருள் குழாயைக் கிள்ளினால், 2 முதல் 3 நொடி ஓடி, ஆர்பிஎம் இலேசாக ஏறி அணைய வேண்டும். கிள்ளியதும் அணைந்தால் லீன். நீண்ட நேரம் ஓடி வெகுவாக ஏறினால் ரிச். இந்தச் சோதனைக்கு மட்டும் கிள்ளலாம். ஆர்பிஎம் ஒருமுறை ஏறியும் ஒருமுறை இறங்கியும் ஒவ்வொரு தடவையும் வேறு விதமாக வந்தால், நீடிலைத் தொடாமல் கசிவைத் தேடவும்.

பிறகு பேக்பிளேட்டைத் திறந்து ராடைப் பார்த்தது. கிராங்க் பின்னில் முன்பின்னாக நகர்வது சரி. மேலும் கீழுமாக ஆட்டம் தெரியக்கூடாது. ஆட்டம் இல்லை. குளிர்ந்த நிலையில் பிஞ்ச் இன்னும் இருந்தது, ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த கீச்சொலி இல்லை.

பழக்கிய பிளக்கை எடுத்துவிட வேண்டும். கம்பிச்சுருள் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் லென்ஸில் பார்த்தால் அதன் மேல் அலுமினியத் தூசி படிந்து மங்கலாக இருக்கும், அப்படிப்பட்ட பிளக் சரியாக ஒளிராது. சுருள் நசுங்கியோ, மேல்பரப்பு மணல் அடித்ததுபோல் பொரிந்தோ இருந்தால் வெடிப்பு முந்துகிறது என்று பொருள், இன்னொரு 0.1 ஷிம். புதுப் பிளக்கோடு டியூனிங் தொடங்கி, வெப்பம் 115–120க்குள் நிற்கும்படி 1/12 சுற்றாக லீன் செய்து போகலாம், முழுத் திராட்டிலில் மெல்லிய புகைக்கோடு தெரியும் வரை மட்டும்.