கொரோலா 110: ஓடும்போதே நின்ற எஞ்சின், மூன்று பல்பில் பிடிபட்ட குறை

கடைசியில் பிடிபட்டுவிட்டது. கொழும்பின் காலி வீதியில் (கோல் ரோட்டில்) போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சட்டென்று செத்து, ஓரம் கட்ட முன்னமே தானாக உயிர் பிடிக்கும் அந்த வருத்தம் இப்போது என் டொயோட்டா கொரோலா 110 காரில் இல்லை. முன்னைய சொந்தக்காரர் காலத்தில் யாரோ அலாரம் பூட்டியபோது, ஸ்டியரிங்குக்குக் கீழே வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்ட ஒரு ஜொயின்ற்தான் காரணம். மல்டிமீற்றர் ஏற்கெனவே கையில் இருந்தது. அதைத் தவிர்த்துப் பார்த்தால், கண்டுபிடிக்க ஆன செலவு ஒரு சோற்றுப் பார்சல் காசுக்குக் கிட்ட.

கேட்ட இடங்களில் ஒருவர் டிஸ்ரிபியூற்றரை (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடுவது) மாற்றச் சொன்னார், இன்னொருவர் பெற்றோல் பம்ப் என்றார். கராஜ் வாசலில் கார் ஒழுங்காக ஓடும். அதனால் யாரும் அளந்து பார்க்கவில்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் சாமான் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, அனுமானத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார் என்று சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது. இடைக்கிடை வரும் குறைக்குச் சாமான் வாங்க முன், அது வரும் அந்த நொடியில் எந்த வயரில் கரண்ட் அறுகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

காரே சில அடையாளங்களைக் காட்டியது. எஞ்சின் சாகும்போது கியரில் சில்லு இன்னும் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கையில் ஆர்பிஎம் முள் ஒரேயடியாக பூச்சியத்துக்கு விழுந்தது. பெற்றோல் குறைந்தால் முள் எஞ்சினோடு சேர்ந்து மெல்ல இறங்கும். இப்படி விழுந்தால் இக்னிஷன் பக்கம். கிளச்சை மிதித்ததும் ஒயில் லைற், பற்றரி லைற் இரண்டும் எரிந்தன, ஆனால் செக் எஞ்சின் லைற் எரியவில்லை. அந்த லைற்றை எரியவைப்பது ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டர். அது எரியாவிட்டால் ஈசியூவுக்கே கரண்ட் இல்லை. வீட்டுக்கு வந்து போனட்டைத் திறந்து, குறை பார்க்கும் கனெக்டரில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்த்தேன். செக் எஞ்சின் லைற் சீராக மின்னியது, அதாவது குறைக் கோட் எதுவும் பதியவில்லை. தீப்பொறியை உண்டாக்கும் கொயிலுக்கு மட்டும் கரண்ட் அறுந்திருந்தால் ஈசியூ இக்னிஷன் குறைக்கான 14 ஆம் கோடைப் பதிந்திருக்கும். ஆகவே கொயிலும் ஈசியூவும் ஒன்றாகவே அணைந்திருக்கின்றன. திறப்பை யாரோ ஒரு நொடி நிறுத்தித் திருப்பிய மாதிரியான குறை. டொயோட்டாவில் இந்த இரண்டுக்கும் பொதுவான பாதை இக்னிஷன் சுவிட்சின் ஏஎம்2 இல் நுழைந்து ஐஜி2 ஆக வெளியே வரும் வயர்.

இந்த இடத்தில் பலர் மல்டிமீற்றரை வைத்து 12 வோல்ற் காட்டுகிறது, வயர் நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். கரண்ட் ஓடாத வயரில் ஒரேயொரு செப்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 12 ஐக் காட்டும். சுமை ஏறினால்தான் உண்மை தெரியும். அதனால் ஏர்த்தைக்கூட ஓம்ஸில் பார்க்கவேண்டாம். பற்றரி நெகற்றிவில் ஒரு முனை, எஞ்சின் பிளொக்கில் ஒரு முனை வைத்து ஸ்ராட் அடிக்கும்போது வோல்ற்றைப் பாருங்கள். 0.2 ஐத் தாண்டினால் ஏர்த் வயரைக் கவனிக்கவேண்டும். மரீன் டிரைவ் பக்கம் நிறுத்தும் கார்களில் உப்புக்காற்றால் இது அடிக்கடி வரும். எனதில் 0.1 கூட வரவில்லை.

இனி மூன்று பல்ப் விஷயம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பார்க் லைற்றுக்குப் போடும் 5 வாற் பல்ப் மூன்று, ஹோல்டர் மூன்று. பஞ்சிகாவத்தையில் வெட்டிய வயரிங் விற்கும் கடையில் எடுத்தேன். "தம்பி, முழு லைற்றையும் எடுங்களேன், விலை குறைச்சுத் தாறேன்" என்றார் கடைக்கார நானா. ஹோல்டர் மட்டும் போதும் என்றேன். கூடைக்குள் தேடி, வயர் நீளமாக மிஞ்சியதாகவே எடுத்துத் தந்தார். அந்த வயர் நீளம் பிறகு நன்றாக உதவியது.

முதல் பல்பை இக்னிஷன் சுவிட்சுக்குள் போகும் ஏஎம்2 வயரில் கொடுத்தேன். இரண்டாவது, சுவிட்சிலிருந்து வெளியே வரும் ஐஜி2 இல். மூன்றாவது, பியூஸ் பெட்டியில் இக்னிஷன் பியூஸுக்குக் கரண்ட் வந்து சேரும் இடத்தில். ஒவ்வொன்றுக்கும் 1 அம்பியர் பியூஸ் ஒன்று. வயரின் தோலைக் குத்தவில்லை; கனெக்டரின் பின்புறமாக குண்டூசியைச் செருகித்தான் எடுத்தேன். குத்திய ஓட்டையால் ஈரம் போனால் கொஞ்ச நாளில் செம்பு பச்சை பிடித்து இன்னொரு குறையை உண்டாக்கும். மூன்று பல்புக்கும் ஏர்த்தை காரின் பொடியில் (உடல் தகட்டில்) எடுக்காமல் நேராகப் பற்றரி நெகற்றிவிலிருந்து இழுத்தேன், இல்லாவிட்டால் பொடி ஏர்த்தின் குறையும் இதற்குள் கலந்துவிடும். முதல் பல்ப் திறப்பு இல்லாமலும் எரியும், காரை நிறுத்தினால் கழற்றிவிடவேண்டும்.

எல்ஈடி ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். எல்ஈடி வேகமானது, ஆனால் வோல்ற் 12 இலிருந்து பாதியாகக் குறைந்தாலும் தெளிவாக எரிந்துகொண்டிருக்கும். இழை பல்ப் அப்படியில்லை. 8 வோல்ற்றிலேயே மஞ்சளாகிவிடும். இழை குளிரக் கொஞ்சம் நேரம் எடுப்பதால், மிகக் குறுகிய அறுப்பில் முழுதாக அணையாமல் மங்கும். அந்த மங்கலைக் கண் தவறவிடலாம், போன் தவறவிடாது. செக்கனுக்கு 60 படம் எடுக்கும் வீடியோவில் ஒவ்வொரு படத்துக்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லிசெக்கன்தான். பல்புகளை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, வெயில் படாமல் மூடி, முன்னால் போனைக் கட்டி ஓடவிட்டேன். ஓட்டும்போது பல்பைப் பார்க்கவே கூடாது. பிறகு வீட்டில் இருந்து பார்க்கலாம்.

குறை வெயிலில் நின்ற பிறகுதான் அதிகம் வந்ததால், நண்பகலில் கண்ணாடியை மூடி நிறுத்திவைத்து, பிறகு வெள்ளவத்தையின் குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் மெதுவாக ஓட்டினேன். செத்தது. வீடியோவில் முதலாவதும் இரண்டாவதும் கொஞ்சமும் அசையவில்லை. மூன்றாவது மட்டும் மஞ்சளாகி, சிவந்து, அணைந்து, திரும்ப எரிந்தது. பற்றரி, மெயின் பியூஸ், இக்னிஷன் சுவிட்ச், பெற்றோல் பம்ப், டிஸ்ரிபியூற்றர் எல்லாம் அந்த ஒரு வீடியோவில் விடுதலையாகின. அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருப்பது ஸ்டியரிங் கீழ் வயரிங் மட்டும்தான். பனலைக் கழற்றினால் அலாரத்தின் கட் ரிலே, அதாவது எஞ்சினை ஓடவிடாமல் கரண்டை அறுக்கும் சுவிட்ச். இக்னிஷன் கரண்ட் முழுவதும் அதன் வழியே போய்வருகிறது. டேப்பின் பசை உருகிப் பனங்களி போல ஒழுகியிருந்தது. உள்ளே ஈயம் இல்லை, வெறும் முறுக்கு, செம்பு கறுத்துப்போய். எஞ்சின் ஓடும்போது அந்த ஜொயின்ற்றின் இரு பக்கமும் மீற்றரை வைத்தேன்: 0.3 வோல்ற். ஹெயார் ட்ரையரால் சூடாக்கி விரலால் அசைத்ததும் 4 ஐத் தாண்டியது, எஞ்சின் செத்தது. நன்றாயிருக்கும் ஜொயின்ற்றில் 0.1 கூட விழக்கூடாது.

ரிலேயை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, நேராக கிரிம்ப் (வயர்களை நெரித்து இணைக்கும் உலோகக் குழாய்) போட்டு மேலே பசை உள்ள ஹீற் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கும் உறை) போட்டேன். ஈயம் வைப்பதா கிரிம்ப் அடிப்பதா என்ற வாதம் முடியாதது. நடுக்கம் உள்ள இடத்தில் என் தெரிவு கிரிம்ப்தான்: ஈயம் ஊறி விறைத்த வயர் அது முடியும் இடத்தில் ஒடியும். பசை உள்ள ஸ்லீவ் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எல்லாக் கடையிலும் இல்லை, சாதாரணத்தையே எடுத்துத் தருவார்கள். உள்ளே பளபளக்கும் பசை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எயார்பாக் உள்ள காரில் மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் தொடவேண்டாம். பற்றரியைக் கழற்றி 90 செக்கன் பொறுத்துத்தான் ஸ்டியரிங் பக்கம் கை வைக்கவேண்டும்.

இதற்குப் பிறகு எஞ்சின் ஒருமுறையும் இடையில் நிற்கவில்லை. மூன்றாம் பல்பை மட்டும் இன்னும் கழற்றாமல் வைத்திருக்கிறேன். அடுத்த கடும் வெயிலிலும் மங்காமல் நின்றால் எடுத்துவிடுவேன்.

பனல் இன்னும் பூட்டவில்லை. அலாரத்தின் மற்ற வயர்கள் இண்டிகேற்றருக்கும் கதவுப் பூட்டுக்கும் போகின்றன, ஒவ்வொன்றையும் இதேபோல முறுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுக்க முன் நிறுத்திய காரில் எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று அளக்க நினைக்கிறேன். 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மீற்றரின் 10 அம்பியர் பக்கத்துக்கு பியூஸ் ஒன்று வாங்கவேண்டும். ஹெட் லைற்றுக்குத் தனி ரிலே போடும் யோசனையும் இருக்கிறது, நானாவிடம் நாலு கால் ரிலேயும் சொக்கற்றும் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.