இன்-ரேஞ்ச், அவுட்-ஆஃப்-ரேஞ்ச்: சர்வோவில் ஒரு பேட்ச்

வெப் பக்கத்தின் எண் பெட்டி ஒன்றில் மின் (குறைந்தபட்சம்) 10, மேக்ஸ் (அதிகபட்சம்) 20 என்று கொடுத்திருக்கிறோம். யாராவது 25 என்று தட்டினால் பெட்டி சிவப்பாக வேண்டும். இதற்கென்றே, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் இன்-ரேஞ்ச் (எல்லைக்குள்), அவுட்-ஆஃப்-ரேஞ்ச் (எல்லைக்கு வெளியே) என்று இரண்டு சூடோ கிளாஸ்கள், அதாவது பெட்டியின் நிலையைப் பார்த்துப் பொருந்தும் பெயர்கள், இருக்கின்றன. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் பல வருடங்களாக ஓடுபவைதான். ரஸ்ட் மொழியில் எழுதப்படும் சர்வோ பிரவுசர் இன்ஜினில் இந்தப் பகுதியில் கொஞ்ச காலம் வேலை பார்த்து ஒரு பேட்ச் (திருத்தத் தொகுப்பு) எழுதினேன். நிரல் எழுதியதைவிட ஸ்பெக் (விதிகளைச் சொல்லும் ஆவணம்) படித்ததுதான் அதிகம்.

இரண்டு எண்களை ஒப்பிடுவதுதானே என்று தோன்றும். ஆனால் எச்டிஎம்எல் ஸ்பெக்கின்படி இங்கே விடை மூன்று: உள்ளே, வெளியே, இரண்டும் இல்லை. மின், மேக்ஸ் எதுவும் தராத எண் பெட்டிக்கு இரண்டுமே பொருந்தக் கூடாது. டிஸேபிள் ஆனதற்கும் (முடக்கியது) ரீட்-ஒன்லிக்கும் (படிக்க மட்டும்) அப்படியே. பெரிய பிரவுசர்களின் பழைய பதிப்புகளே இந்த இரண்டையும் இன்-ரேஞ்ச் என்று காட்டிக்கொண்டிருந்தன, பின்னால்தான் திருத்தினார்கள்.

ஸ்லைடர் (குமிழை இழுத்து எண்ணைத் தேர்வது) இன்னொரு மாதிரி. மின், மேக்ஸ் கொடுக்காவிட்டாலும் அதற்கு 0, 100 என்ற எல்லைகள் தானாகவே உண்டு. 150 என்று வைத்தால் பிரவுசரே 100-க்கு இழுத்துவிடும். அதனால் அது சாதாரணமாக அவுட்-ஆஃப்-ரேஞ்ச் ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்தது நேரப் பெட்டி. இரவு ஷிப்டுக்காக மின் 22:00, மேக்ஸ் 06:00 என்று தலைகீழாகக் கொடுக்கலாம். 23:30 சரி, 02:00 சரி, 14:00 தவறு. தவறு மட்டுமல்ல, ஒரே சமயத்தில் கீழேயும் போய்விட்டது, மேலேயும் போய்விட்டது என்று இரண்டு பிழைக் கொடிகளும் ஏற வேண்டும். இந்தச் சலுகை நேரத்துக்கு மட்டும்தான். எண் பெட்டியில் தலைகீழாகக் கொடுத்தால் எந்த எண்ணும் தேறாது.

காலியான பெட்டி விஷயத்தில் ஸ்பெக்கோடு எனக்கு ஒட்டவில்லை. எல்லை கொடுத்த பெட்டி காலியாக இருந்தாலும் இன்-ரேஞ்ச்தான். இன்-ரேஞ்சுக்குப் பச்சை நிறம் போட்டிருந்தால், ஆள் எதையும் தட்டும் முன்பே பெட்டி பச்சையாக நிற்கும். என் பக்கங்களில் அவுட்-ஆஃப்-ரேஞ்சுக்கு மட்டும்தான் நிறம் கொடுக்கிறேன்.

ஸ்டைல் பக்கம் பெரிய வேலை இல்லை. சர்வோவும் ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்துவது ஸ்டைலோ என்ற ஒரே சிஎஸ்எஸ் இன்ஜின். எலிமென்ட்டின் (இங்கே, பெட்டியின்) நிலையை ஆம்/இல்லை என்ற ஒரு பிட்டாகச் சொல்லிவிட்டால், எந்த ரூல் பொருந்தும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். சிரமம் எல்லாம் அந்தப் பிட்டை எப்போதெல்லாம் திரும்பக் கணக்கிட வேண்டும் என்பதில்தான். மதிப்பு மாறினால் கணக்கிட வேண்டும் என்பது யாருக்கும் தோன்றும். மின், மேக்ஸ், டைப், ரீட்-ஒன்லி எது மாறினாலும் கணக்கிட வேண்டும். அப்புறம், நாலு அடுக்கு மேலே இருக்கும் ஃபீல்ட்செட்டை (பெட்டிகளைச் சேர்த்துக் கட்டும் குழு) ஸ்கிரிப்ட் டிஸேபிள் செய்தால்? அப்போதும்தான், ஆனால் அதன் முதல் லெஜண்டுக்குள் (குழுவின் தலைப்பு) இருக்கும் பெட்டிகளுக்கு விலக்கு. பெட்டியைத் தூக்கி டேட்டாலிஸ்டுக்குள் (பரிந்துரைப் பட்டியல்) போட்டால் அதன் சோதனையே நின்றுவிடும். (இதை யார் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.) ரிவ்யூவில் வந்த கேள்விகளும் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருந்தன. கடைசியில் கணக்கிடுவதை ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவந்து, எல்லா இடங்களிலிருந்தும் அதையே கூப்பிட வைத்தேன்.

டெஸ்ட் எழுதும் வேலை குறைவு. எல்லா இன்ஜின்களும் பகிர்ந்துகொள்ளும் வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸ் தொகுப்பில் இதற்கானவை ஏற்கெனவே உண்டு. தோற்கும் என்று தெரிந்த டெஸ்ட்களை சர்வோ தனிக் கோப்புகளில் குறித்து வைத்திருக்கும். அவற்றில் ஒன்று திடீரென்று பாஸ் ஆனால் எதிர்பாராத முடிவு என்று கத்தும். அந்த வரியை நீக்க வேண்டும். பேட்சில் நீக்கிய வரிகளைப் பார்ப்பது தனி சுகம். கமிட்டில் (பதிவு செய்யும் மாற்றம்) சைன்-ஆஃப் வரி, அதாவது இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பெயர் போட்டு உறுதி சொல்லும் வரி, இல்லாவிட்டால் ஏற்க மாட்டார்கள், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஸ்லைடரின் குமிழை அலங்கரிப்பது வேறு உலகம். குரோமிலும் சஃபாரியிலும் அதற்கு வெப்கிட் முன்னொட்டோடு ஒரு பெயர், ஃபயர்ஃபாக்ஸில் மோஸ் முன்னொட்டோடு இன்னொரு பெயர். இரண்டையும் காற்புள்ளி போட்டு ஒரே ரூலில் எழுதினால், தெரியாத மோஸ் பெயரைப் பார்த்ததும் குரோமும் சஃபாரியும் முழு ரூலையும் தூக்கி எறிந்துவிடும். தனித்தனியாக இரண்டு முறை எழுதத்தான் வேண்டும். நிறம் மட்டும் மாறினால் போதும் என்றால், 2021-ல் குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வந்த ஆக்சென்ட்-கலர் ஒரே வரியில் முடித்துவிடும்.